நாடியும் நாடாவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில் ஊசி பிடிப்பவனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பத்தாண்டுகளாகப் பின்வரிசையிலிருந்து கவிதை கேட்டவன் நான். இன்று என் தொழிலைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். அதற்கும் உங்கள் தொழிலுக்கும் ஓர் உறவு உண்டு; அவ்வுறவில் ஓர் ஆபத்தும் உண்டு.

அக்குபங்சர் இந்நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு 1938-இல் இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் சோலாப்பூர் துவாரகநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் பெயரைப் பலரும் அறிவர். உடன் சென்ற பிஜய் குமார் பாசுவை அறிந்தவர் குறைவு. நாடு திரும்பிய அவர், பிற்பாடு மீண்டும் சீனம் சென்று ஊசிமுறையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். ஆங்கில மருத்துவம் பயின்றவர், அதைத் துறக்காமலே இன்னொன்றையும் கற்றார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

இனி உறவைச் சொல்கிறேன். சீனர் உடம்பின் புள்ளிகளுக்கு இட்ட பெயர்களைக் கேளுங்கள். உள்ளங்காலில் இருப்பது 'பொங்கும் ஊற்று'. முழங்கை மடிப்பில் 'வளைவின் குளம்'. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே 'கூடும் பள்ளத்தாக்கு'. முதன்மை நாளங்களில் பெரும்பாலானவை விரல் நுனியில் கிணறாகத் தொடங்கி, ஊற்றாகி, ஓடையாகி, ஆறாகி, முழங்கையிலோ முழங்காலிலோ கடலைச் சேர்கின்றன. சேர்வராயன் மலையில் பிறந்து நம் ஊர் வழியே காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டம் நின்ற இடத்தில் ஆறு நாறுகிறது, உடம்பு வலிக்கிறது.

நாடியும் பருவத்தோடு மாறும் என்பது அவர்கள் கொள்கை. பனிக்காலத்தில் ஆழத்தில் ஓடும், கோடையில் மேலெழும். விரலை வைத்தவுடன் எப்படித் தெரிகிறது என்று கேட்பவர்களை நான் நம் அம்மாபேட்டைத் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போவேன். நாடா ஓடும் ஒலியிலேயே இழை அறுந்ததை நெசவாளி அறிந்துகொள்கிறார். கண் பிறகுதான் போகிறது. அதை யாரும் அருள் என்பதில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம் என்கிறார்கள். உள்ளுணர்வு என்று என் தொழிலில் பெருமையாகப் பேசப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

இனி ஆபத்து. நாளங்களை எந்த உடற்கூற்று அறுவையும் இதுவரை கண்டு காட்டியதில்லை. அவற்றை நான் உருவகம் என்றே கொள்கிறேன். உருவகம் கண்ணைத் திறக்கும். மயங்கினால் அதே கண்ணை மூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, முதிய நெசவாளி ஒருவர் இடக்கை வலியோடு வந்தார். வலி கையின் உட்புறமாக இறங்கிச் சுண்டுவிரலில் முடிந்தது. இதய நாளம் என்று நூல் காட்டும் வழி சற்றும் பிசகாமல் அதுவே. எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்ததை மறைக்கமாட்டேன். எழுதியது உடம்பில் அப்படியே நிற்கிறதே என்ற மகிழ்ச்சி. ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். விளக்கை நெருக்கியபோதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் வேர்த்திருந்தது. மாரடைப்பின் வலியும் அதே வழியில்தான் இறங்கும் என்பது அப்போது உறைத்தது. ஊசியை வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். மருத்துவமனையில், இன்னும் தாமதித்திருந்தால் கடினம் என்றார்கள். அந்தத் தாமதத்தில் சில நிமிடங்கள் என்னுடையவை. நாளத்தின் அழகில் நான் கழித்தவை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள்கள் உணவைப் பற்றியே பேசுகின்றன. நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லும் குறள் அவற்றுக்குப் பின்பே வருகிறது. மருந்தின் பெயர் ஒன்றுகூட அங்கில்லை. அன்றிரவு வீடு திரும்பி அதிகாரம் முழுவதையும் வாசித்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரே வந்தார், இம்முறை முழங்கால் வலி. குழித்தறியில் மிதித்து மிதித்து வந்த வலி. மணிக்கட்டில் விரல் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமையிழந்து, "என்னங்க ஐயா, இன்னிக்காவது ஊசி போடுவீங்களா?" என்றார்.

போட்டேன்.