காண்பது கண்ணா, மூளையா?

(பாலவாக்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கண்ணைப் பற்றியும் மூளையைப் பற்றியும் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். நம் மாலை வகுப்பில் நேர்ந்த ஒரு பிழையே இதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுவன் ஒருவன் நம்மிடம் பயின்றான். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தடுமாறுவான். எழுத்துகளைத் தப்பும் தவறுமாகப் படிப்பான். மந்தபுத்தி என்று முடிவு கட்டி, அவனை நாங்கள் கடைசி வரிசையில் அமர்த்தினோம். பன்னிரண்டு வயதில்தான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரு கண்களிலும் சிறு வயது முதலே பெருங்குறை இருந்தமை அன்று தெரிந்தது. தக்க கண்ணாடி அணிவித்தும் முழுப் பார்வை கிட்டவில்லை. “இவனுடைய கண் இப்போது சரியாகவே படம் பிடிக்கிறது. அப்படத்தைப் படிக்க மூளைதான் உரிய வயதில் பழகவில்லை” என்றார் மருத்துவர். அச்சொல் எங்களைச் சுட்டது. அதன் பொருளை நாடியே இந்நூல்களையெல்லாம் படித்தோம்.

கண்ணின் பின்புறமுள்ள விழித்திரை, ஒளியை மின் குறிப்புகளாக மாற்றுகிறது. அவை பார்வை நரம்பின் வழியே பிடரிப் பக்கத்திலுள்ள மூளைப் பகுதியை அடைகின்றன. அதற்குப் பார்வைப் புறணி என்று பெயர். நம் இடப்புறம் தெரிவன மூளையின் வலப்பாதிக்கும், வலப்புறம் தெரிவன இடப்பாதிக்கும் செல்கின்றன. ஆதலின், கண் பழுதின்றி இருந்தும் பிடரியில் பலத்த அடிபட்டோர் பார்வை இழப்பதுண்டு.

இவ்வுண்மையைப் போர்க்களம் விளக்கியது. 1904–05ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ரஷ்ய ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்த வீரர்களை, தாட்சுஜி இனூயே என்னும் ஜப்பானியக் கண் மருத்துவர் ஆராய்ந்தார். குண்டு புகுந்த இடத்தையும் பார்வை மறைந்த பகுதியையும் ஒப்பிட்டு, பார்வைப் புறணிக்கு ஒரு வரைபடம் வகுத்து 1909இல் வெளியிட்டார்.

இன்று அதற்குக் குண்டடி வேண்டியதில்லை. உயிர்வளி நிறைந்த குருதிக்கும் அது குறைந்த குருதிக்கும் காந்தத் தன்மையில் வேறுபாடு உண்டு. அதனைக் கொண்டு மூளையின் செயலைப் படமெடுக்கலாம் என 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். 1992இல் மனிதரின் பார்வைப் புறணி ஒளியைக் கண்டதும் விழித்தெழுவதை எம்.ஆர்.ஐ. கருவியில் அறிஞர்கள் கண்டனர்.

இப்புறணி பிறக்கும்போதே முழுமை பெறுவதில்லை. ஹியூபெல், வீசல் என்னும் இருவர், பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்தனர். பின்னர் திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது. புறணியோ அக்கண்ணின் குறிப்புகளைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. இத்தகைய ஆய்வுகளுக்காக 1981இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். நம் சிறுவனுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

அவ்வாறாயின் காலம் கடந்தோர்க்கு வழியே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் பவன் சின்ஹா, ‘பிரகாஷ்’ என்னும் திட்டத்தை நம் நாட்டில் தொடங்கினார். பிறவியிலேயே கண்புரை கொண்டு, வறுமையால் மருத்துவம் பெறாத சிறுவர்கள் நூற்றுக்கணக்கானோர் அதன்வழி ஒளி பெற்றனர். 8 முதல் 17 வயது வரையிலான ஐவரை ஆராய்ந்த முடிவு 2011இல் வெளிவந்தது. கையால் தொட்டறிந்த பொருளைக் கண் திறந்த உடனே பார்வையால் அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. சில நாள்களிலேயே அத்திறன் வளர்ந்தது. அறுவைக்குப் பின் இத்தகைய சிறுவர்களின் மூளை நரம்புப் பாதைகள் மாறுவதையும், அம்மாற்றம் முகங்களை அறியும் திறனோடு இணைந்து செல்வதையும் 2023இல் வெளியான படங்கள் காட்டின. பார்வையின் கூர்மை முழுதும் மீளாது. எனினும் கற்கும் ஆற்றல் அற்றுப்போவதில்லை.

பார்வையே பெறாதோர் நிலை என்ன? அவர்கள் பிரெயில் எழுத்தை விரலால் படிக்கும்போது பார்வைப் புறணி வேலை செய்வதை 1996இல் சடாட்டோ முதலியோர் கண்டறிந்தனர். மூளை வாளா இருப்பதில்லை. கிடைத்த வழியில் கற்கிறது. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இருப்பதை நம் மக்கள் மறத்தலாகாது.

தோழர்களே! நம்மைப் பிறப்பால் தாழ்ந்தவர் என்று சொன்ன அதே வாய்தான், கண்ணில் பூ விழுந்த குழந்தையைப் பார்த்து ‘முன்வினைப் பயன்’ என்றும் சொன்னது. முன்னதை நாம் ஏற்கவில்லை. பின்னதையும் ஏற்றல் கூடாது. அது வினையன்று, நோய். நோய்க்கு மருந்துண்டு, காலமும் உண்டு.

ஆகவே தாய்மார்களுக்கு ஒன்று கூறுவோம். கைக்குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தோன்றினாலோ, கண் மாறுகண்ணாக நின்றாலோ, நாள் கடத்தாதீர். 1819இல் தோன்றிய, எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. முருங்கைக்கீரையும் பிற கீரைகளும் நாள்தோறும் உணவில் இருக்கட்டும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் கண்ணே போகும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். மாலை வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆறு மீட்டர் தொலைவில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்துகளைப் படிக்கச் செய்யுங்கள். எழுத்தறியாச் சிறார்க்குப் படங்களைக் காட்டுங்கள். தடுமாறும் பிள்ளையை அவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏழு வயதிற்கு முன் தொடங்கும் மருத்துவமே பெரும்பயன் தரும். பிந்தினாலும் கைவிட வேண்டா.

அச்சிறுவன் பின்னர் முதல் வரிசையில் அமர்ந்தான். பத்தாம் வகுப்பில் தேறினான். அவன் மந்தபுத்தியல்லன். அவனைச் சரியாகப் பாராதவர்கள் நாங்களே. அப்பிழை இச்சங்கத்தில் மீண்டும் நிகழலாகாது.