வழக்கறிஞரை நாடும் வேளை



நீதிமன்றப் படி ஏறாமல் வாழ்வதே குடும்பத்துக்கு அழகு என்று கருதி வந்த மரபு நம்முடையது. பகை வளர்க்காத அம்மனப்பாங்கு போற்றத்தக்கதே. ஆயினும் வழக்காடுவது வேறு. வழக்கறிஞரிடம் அறிவுரை கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி உரிமையை இழந்தோர் பலர்.

வேலூர் வட்டாரமே இதற்குச் சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. தனியொரு உழவர் எதிர்த்து வெல்லக்கூடிய இடர் அன்று அது. 1991ஆம் ஆண்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதி இழந்திருந்ததை அவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக ஏற்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் உழைப்பைப் பாராட்டிய நீதிமன்றம், அவருடைய கட்டணத்துக்கும் செலவுக்குமாக 50,000 ரூபாயைத் தமிழக அரசு வழங்க ஆணையிட்டது. கிணற்று நீர் கெட்டதை முதலில் அறிந்தவர் உழவர். அதனை நீதிமன்றம் ஏற்கும் வாதமாக்கச் சட்டப் புலமை வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பு வலியதாக இருக்கும்போது மட்டுமன்று, காலக்கெடு ஓடும்போதும் தயங்கலாகாது. காசோலை பணமின்றித் திரும்பினால், அச்செய்தி கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதனைப் பெற்றவர் 15 நாளில் பணம் தராவிடின், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும். சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்கு இன்றைய சட்டம் தரும் காலம் ஆறு மாதம். கைது நேர்ந்தாலோ, ஒரு மணி நேரத் தாமதமும் தவறு.

மூன்றாவது வேளை, கையொப்பமிடும் வேளை. 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். எனினும் சொத்துரிமையில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே நமக்கும் பொருந்துகிறது. 2005இன் திருத்தம் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமை தந்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதனை அறியாத தங்கை, அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் பாசத்தால் கையொப்பமிடுகிறாள். அறிந்து விட்டுக்கொடுத்தால் அது அவளது பெருந்தன்மை. அறியாமல் இழந்தால் அது பிறர் பொருளைக் கவர்ந்ததாகும். கள்ளாமை என்னும் அணுவிரதம் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் நம்மைத் தொடர்கிறது. தங்கையைத் தனியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வரச் சொல்வதே அண்ணனுக்கு அறம்.

எல்லாவற்றுக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் தாமே முறையிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் கண்டால், நிலுவை வழக்குக்குச் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு என்னும் அலைச்சலும் இல்லை.

வழக்கறிஞரை அமர்த்துவோர் கட்டணத்தை முன்னரே பேசித் தெளிக. பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுக. வக்காலத்தைப் படித்த பின்னரே கையொப்பமிடுக. மூலப் பத்திரங்களின் நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்க.

பொருள் இல்லையே என்று அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் அதற்கான மாவட்ட ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும் நம் தாய்மார்கள் அந்த வளாகத்தை அச்சத்தோடு கடந்து போக வேண்டியதில்லை. உள்ளே சென்று உரிமையோடு கேட்கலாம்.