பாடசாலையும் கட்டடத் தொழிற் பயிற்சியும்



வீடு கட்டப் புகுந்தவர் எவரையேனும் அணுகி, எப்பொருள் கிடைத்தற்கு அரிதாயிருந்தது என்று வினவிப் பாருங்கள். மணல் என்பர் சிலர். பணம் என்பர் பலர். சற்றே பேசவிட்டால் ஈற்றில் எல்லாரும் ஒரே முறைப்பாட்டுக்கே வந்து சேர்வர்: நல்ல மேசன் அகப்படவில்லை என்பதே அது. போர் ஓய்ந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் இம்முறைப்பாடு ஊர்தோறும் ஒலித்தது. 2010ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளை இலக்காகக் கொண்டிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரரே முன்னின்று கட்டவேண்டியிருந்தது. ஒரே காலத்தில் எண்ணற்ற அத்திவாரங்கள் வெட்டப்பட, மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. கூரை ஏறாது நின்ற சுவர்களை வன்னியில் என் பாடசாலைக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் நாள்தோறும் கண்டேன். அதே வீதியின் மதகுக்கட்டில், சாதாரணதரப் பரீட்சையிற் சித்தியெய்தாத எம் மாணாக்கர் வேலையின்றி அமர்ந்திருப்பதையும் கண்டேன். இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்க எனக்கு நெடுங்காலம் சென்றது. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்தவன். சுவரைப்பற்றி நான் அறிந்ததெல்லாம் அதன்மேல் விளம்பரம் ஒட்டலாகாது என்பதே.

பாடசாலையில் தொழிலைப் புகுத்தும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளிற் சேர்த்தது. அவ்வவ்வூரில் நிலவும் கைத்தொழில்களையே பிள்ளைகள் ஆராய்ந்து கற்கவேண்டுமென்பது அதன் நோக்கம். என் மூத்த தமையனார் அவ்வகுப்பிற் பயின்றவர். ஓடாவி ஒருவரின் பட்டறைக்குச் சென்று அவர் எழுதிவந்த குறிப்புப் புத்தகத்தைச் சிறுவனாயிருந்தபோது புரட்டிப் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் இறுதியில் ஆட்சி மாறியதும் அம்முறை கைவிடப்பட்டது. நல்ல விதையொன்றை முளைக்குமுன் கிளறியெறிந்தோம் என்பது என் கருத்து; மாறாகக் கருதுவோரும் உளர்.

2017ஆம் ஆண்டிற் பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. சாதாரணதரத்திற் சித்தியடையாதவரும் இதன்கீழ்த் தொழிற்பிரிவிற் சேர்ந்து கல்வியைத் தொடரலாம். அவர்கள் தெரிவுசெய்யத்தக்க பாடங்களுள் நிர்மாணக் கற்கை, அலுமினியப் பொருத்து வேலை, உலோகப் பொருத்து வேலை என்பனவும் அடங்கும். வகுப்பறையில் அடிப்படையைக் கற்றபின் மாணாக்கர் பயிற்சி நிலையத்துக்கும் வேலைத்தலத்துக்கும் சென்று பயின்று, தேசியத் தொழிற்றகைமையின் நான்காம் மட்டத்தை எய்தவேண்டும். நான்காம் மட்டம் என்பது தேர்ந்த கைவினைஞன் என்பதற்குச் சான்று. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தை வழங்குகிறது. சாந்தகப்பை பிடித்த கை பட்டச் சுருளையும் பிடிக்கலாம் என்று கூட்டங்களில் நானும் முழங்கியதுண்டு. கூட்டத்தில் முழங்குவது எளிது.

முதன்முறையாக எம் மாணாக்கர் வேலைத்தலப் பயிற்சிக்குச் சென்றபோது, கட்டடக் குத்தகையாளர் ஒருவருக்கு நான் கடிதம் எழுதினேன். "மேற்படி மாணவனுக்குப் பயிற்சி வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்பதே அதன் சாரம். ஒப்பமிட்டு முத்திரை குத்தியதோடு என் கடமை முடிந்ததாக எண்ணினேன். மூன்று வாரத்தின்பின் அம்மாணவனை வழியிற் கண்டேன். சீமெந்து அரித்து விரலிடுக்குகள் புண்பட்டிருந்தன. நாட்குறிப்பைக் காட்டச் சொன்னேன். "இன்று கல் சுமந்தேன்." மறுநாள், "இன்று மணல் அரித்தேன்." அதற்கு மறுநாள், "இன்று கல் சுமந்தேன்." இவ்வாறே பக்கம் பக்கமாக இருந்தது. குத்தகையாளரிடம் சென்றேன். அவர் கொடியவர் அல்லர். "ஐயா, பெடியன் நல்ல பிள்ளை, சொன்ன வேலையைச் செய்யிறான். வேறென்ன வேணும்?" என்றார். வேறென்ன வேண்டுமென்று எனக்கே தெரியாதிருந்தமையால் வாயடைத்து நின்றேன். குற்றம் அவருடையதன்று, என்னுடையது. எதைக் கற்பிக்கவேண்டும் என்று நான் எழுதவேயில்லை. கூலியில்லாத கையாள் ஒருவனை அனுப்பிவைத்தேன், அவ்வளவே.

மறுவாரம் அம்மாணவனின் தாயார் அலுவலகத்துக்கு வந்தார். "இதுக்கோ சேர் நான் இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினனான்? இவன்ர தகப்பன் கல்லுத் தூக்கியே முதுகொடிஞ்சு போனார். பிள்ளைக்கும் அதே கதியோ?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல இயலாத வினா. அவர் கணவர் மேசன். சாரத்திலிருந்து விழுந்து முதுகு பாதிக்கப்பட்டவர். ஓய்வூதியமுமில்லை, சேமலாப நிதியுமில்லை, தாம் மேசன் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியுமில்லை. தம் தொழிற்கருவிகளை மகன் தொடவும் விடாது வளர்த்தவர். அன்று மனைவியுடன் வந்தவர், உள்ளே வராது விறாந்தையில் நின்றார். அவரை அழைத்து அமரச்செய்து, "மேசன் வேலையை முறையாகப் பழகுபவன் எதை முதலிற் பழகவேண்டும்?" என்று கேட்டேன்.

நேயர்களே, அன்று ஒரு மணிநேரம் நான் மாணாக்கனானேன். முதலில் மனையில் மூலை பிடித்தல் என்றார். கயிற்றில் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருமாறு நகர்த்தினால் மூலை செங்கோணமாகும். அடுத்தது தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்தல். இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஆயின் குழாயினுள் காற்றுக்குமிழி ஒன்றிருந்தாலும் வீடு முழுவதும் சரிந்துவிடும். பின்னர் தூக்குக்குண்டு. அதன்பின் சாந்து. செங்கல்லை முன்னரே நீரில் ஊறவிடாவிடில் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கொங்கிறீற்றில் நீரை மிகுத்தால் குழைப்பது எளிதாகும், வலிமை குன்றிவிடும். அவசரக்கார மேசனை அறிவது அங்கேதான் என்றார். வார்த்தபின் ஏழு நாளேனும் ஈரம் காயாது காக்கவேண்டும். கல் சுமப்பதும் மணல் அரிப்பதும் வேண்டாமா என்று கேட்டேன். "வேணும் ஐயா, ஒரு கிழமைக்கு. பாரம் தெரியாதவன் சுவர் கட்டக்கூடாது" என்றார்.

அவர் சொன்னவற்றை எம் தொழினுட்ப ஆசிரியர் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் வரிசைப்படுத்தினார். இன்று எங்கள் கடிதத்துடன் அத்தாளும் செல்கிறது. ஒவ்வொரு வாரமும் எவ்வேலையைக் கற்பித்தார் என்று தலைமை மேசன் அதில் ஒப்பமிடுகிறார். இருவாரத்துக்கொருமுறை ஆசிரியரோ நானோ சென்று பார்க்கிறோம். தலைக்கவசமும் சப்பாத்தும் கையுறையும் இல்லாத தலத்துக்கு மாணாக்கரை அனுப்புவதில்லை. உயர்ந்த சாரத்தில் ஏறுதலும் ஆழக் குழியில் இறங்குதலும் அவர்களுக்கு இல்லை. 2021ஆம் ஆண்டில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. பதினெட்டு நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தலும் சட்டவிரோதம். பயிற்சி என்று பெயரிட்டுவிட்டால் அச்சட்டம் பிள்ளையைக் காவாதுவிடும் என்று எண்ணும் பெரியவர்கள் சிலருளர். இந்நிபந்தனைகளைக் கேட்டு எம் மாணாக்கரை ஏற்க மறுத்த குத்தகையாளரும் உண்டு. மறுக்கட்டும், பத்துப் பேரைக் கண்மூடி அனுப்புவதினும் நால்வரைக் கண்காணித்து அனுப்புவதே எமக்கு இயன்றது. பெண்பிள்ளைகளும் இப்பாடத்துக்கு வருகிறார்கள். வரைபடத்தைப் பார்த்துக் கல்லும் சீமெந்தும் எத்துணை வேண்டுமென்று கணிப்பதில் ஒரு மாணவியை விஞ்சுவார் எம் பாடசாலையில் எவருமிலர், கணித ஆசிரியரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கணிதத்தைப்பற்றி ஒன்று. முன்னர்க் கூறிய மாணவன் கணிதத்திற் சித்தியடையாதவன். புதிய தாளின்படி மீண்டும் பயிற்சிக்குச் சென்றவன், மூலை பிடித்த அன்று மாலை ஆசிரியரிடம் வந்து, "சேர், பைதகரசின் தேற்றம் எண்டு நீங்கள் படிப்பிச்சது இதைத்தானோ?" என்று கேட்டானாம். ஆம் என்று சொல்ல ஆசிரியருக்கு நாணமாயிருந்ததாம்.

அவன் நான்காம் மட்டத் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் தந்தையார் மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். இம்முறை விறாந்தையில் நிற்கவில்லை. படியாதவர்க்கும் இச்சான்றிதழ் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கிடைக்கும். அனுபவத்தாற் பெற்ற தேர்ச்சியைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை தேசியத் தொழிற்றகைமையில் உண்டு. வகுப்புக்குச் செல்லவேண்டுவதில்லை, செய்து காட்டினாற் போதும். முதுகு இடங்கொடுக்குமா என்று கேட்டேன். பாரம் தூக்கத்தான் இயலாது, சுவர் கட்டலாம் என்றார்.

விண்ணப்பப் படிவத்தை மகனே என் மேசையிலிருந்து நிரப்பினான். கல்வித் தகைமை என்ற கட்டத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதினான். அனுபவம் என்ற கட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு என்று எழுதிவிட்டு, கட்டிய கட்டடங்களைச் சொல்லும்படி தந்தையைக் கேட்டான். அவர் சொல்லச் சொல்ல எழுதினான். கட்டத்தில் இடம் போதாமற் போகவே, வேறொரு தாள் எடுத்துக் கொடுத்தேன்.