நோயாளியிடம் கேளுங்கள், நோயாளியும் சொல்லட்டும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே! நோயாளியை நலம் விசாரிப்பதன் சிறப்பைப் பற்றி நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். இன்று அந்த நோயாளியின் கட்டிலருகே இரவு பகலாய் நிற்கும் தாதியரையும், நோயாளர் காவு வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்திறங்கும் அவசர சிகிச்சை உத்தியோகத்தரையும் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்கள் ஒரு மொழி பேசுவர், நோயாளி வேறொரு மொழி பேசுவார். அவர்கள் ஒரு மார்க்கத்தைப் பின்பற்றுவர், நோயாளி வேறொன்றைப் பின்பற்றுவார். கிண்ணியாவிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் மேலதிக சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அனுப்பப்படும் நம் தாய்மாருக்கு இது அன்றாட அனுபவம். இந்த இடைவெளியில் சில வேளை உயிரே ஊசலாடுகிறது என்பதனால்தான் இதனை ஓர் உரைக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

ஒரேயொரு சொல்லை எடுத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருக்கும் நம் மூதாட்டி ஒருவரிடம் தாதி வந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று வினவுகிறார். மூதாட்டி, "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். வேதனை தாங்க முடியாத நிலையிலும் அவரது நாவு அதைத்தான் சொல்லும். சிறு வயது முதல் அப்படித்தான் பழகியிருக்கிறார். அது இறைவனுக்குச் செலுத்தும் புகழேயன்றித் தன் உடல்நிலை பற்றிய அறிக்கையன்று. ஆனால் அந்தத் தாதி, முஸ்லிம்கள் "நலமாயிருக்கிறேன்" என்பதற்கு இச்சொல்லைத்தான் பாவிப்பார்கள் எனக் கேள்விப்பட்டிருக்கிறார். நலம் என்றே குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் செல்கிறார். வலி நிவாரணி மருந்து அன்றிரவு கொடுபடவில்லை. இங்கே இருவரிலும் பிழையில்லை. இருவருக்குமிடையே ஒரு கேள்வி குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்றைய வைத்தியத்துறையில் வலியைப் பூச்சியத்திலிருந்து பத்து வரையான எண்ணால் அளக்கும் முறை உண்டு. வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாததென்றால் பத்து. புகழ்ச் சொல்லைக் கேட்ட பின்னரும், "வலி எத்தனை?" என்று தாதி மறுபடியும் கேட்டால், அந்த மூதாட்டி விரல்களைக் காட்டியிருப்பார். சிங்களத்தில் "ரிதெனவாத?" என்ற ஒரு சொல்லும், தமிழில் "நோகுதா?" என்ற ஒரு சொல்லும் தெரிந்திருந்தால் விடுதியொன்றில் எத்தனையோ இரவுகள் இலேசாகிவிடும். இன்னொரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். நெஞ்சு அடைப்பதை நம்மவர் பலர் "வாய்வு" என்றே சொல்வர். சொல்பவருக்கும் அது இலேசான காரியம், கேட்பவருக்கும் இலேசான காரியம். மாரடைப்புக்கு அது இலேசான காரியமன்று. வாய்வு என்று கேட்டவுடன், "எங்கே? கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? வியர்க்கிறதா?" என்று துருவிக் கேட்கும் உத்தியோகத்தர் அந்த ஊரின் மொழியை உண்மையாக அறிந்தவர்.

தாதியர் கல்வியில் இது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கத் தாதியான மெடலின் லெய்னிங்கர் 1950களில் சிறுவர் மனநலப் பராமரிப்பு இல்லமொன்றில் கடமையாற்றியபோது, வெவ்வேறு சமூகப் பின்னணியுள்ள பிள்ளைகள் ஒரே விதப் பராமரிப்புக்கு ஒரே விதமாக இணங்குவதில்லை என்பதை அவதானித்தார். அதன் பின்னர் மானிடவியல் பயின்று, பப்புவா நியூகினியின் மலைப்பகுதி மக்களிடையே தங்கி ஆய்வு செய்து, பண்பாடு சார்ந்த தாதிமைக் கல்விக்கு அடித்தளமிட்டார். நியூசிலாந்தில் மாஓரி இனத்தைச் சேர்ந்த தாதி இரிஹபெட்டி ராம்ஸ்டன் அதனினும் ஒரு படி மேலே சென்றார். நோயாளியின் பழக்கவழக்கங்களை மனனம் செய்வது போதாது. தனது பராமரிப்பு நோயாளியின் கண்ணியத்துக்குப் பாதுகாப்பானதா என்பதைத் தீர்மானிப்பவர் தாதியல்லர், அந்த நோயாளியே என்றார். 1992ஆம் ஆண்டில் நியூசிலாந்துத் தாதியர் பேரவை இக்கருத்தைத் தாதியர் பயிற்சியில் ஓர் அங்கமாக்கியது. எனக்கு இந்த இரண்டாவது கருத்தே பெரிதும் பிடித்திருக்கிறது. "முஸ்லிம் என்றால் இப்படி, இந்து என்றால் அப்படி" என ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மனிதர்களை அதற்குள் அடக்குவதும் ஒரு வகை அறியாமைதானே!

அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ள, ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் சம்பவமொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பிரயாணமொன்றில் தோழர் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயம் உண்டாகியது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாகியது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகையில்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், மரணமானார். செய்தி எட்டியபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா எனக் கண்டித்து, அறியாமைக்குரிய மருந்து கேட்டறிதலே என்று உணர்த்தினார்கள். அரபுக் கல்லூரியில் தயம்மும் பாடத்தில் இந்த ஹதீஸைப் படிக்கிறோம். என் அபிப்பிராயப்படி தாதியர் கல்லூரியிலும் இது படிக்கப்பட வேண்டியது. மார்க்கம் சார்ந்த காரணத்தினால் ஒரு நோயாளி உயிரிழக்க முடியும் என்பதற்கும், அவ்வாறு இழப்பதை மார்க்கமே விரும்பவில்லை என்பதற்கும் இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தச் சம்பவம் நம் இல்லங்களில் ஒவ்வொரு ரமழானிலும் வேறு வடிவில் நிகழ்கிறது. நீரிழிவு நோயுள்ள தந்தை நோன்பு நோற்கிறார். கிளினிக்கில் அதைச் சொல்வதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்ற பயம். அங்குள்ளவர்களும் கேட்பதில்லை. கேட்டால் மத விடயத்தில் தலையிட்டதாகிவிடுமோ என்ற தயக்கம். அவர் காலையில் விழுங்க வேண்டிய மாத்திரைகளையெல்லாம் ஸஹர் வேளையில் ஒன்றாக விழுங்கிவிட்டு, அஸருக்குப் பின் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறி விழுகிறார். வீட்டார் பாரிசவாதம் என நினைக்கின்றனர். வண்டியில் வந்த உத்தியோகத்தர் விரல் நுனியில் குத்திச் சீனியின் அளவைப் பார்க்க முனைந்தால், நோன்பு முறிந்துவிடும் என்று ஒருவர் தடுக்கிறார்!

நேயர்களே, இதனை நன்றாக மனதிற் கொள்ளுங்கள். விரலில் குத்தி இரத்தம் எடுப்பதனால் நோன்பு முறிவதில்லை. 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் பத்தாவது அமர்வு இது குறித்து விரிவாக ஆராய்ந்தது. பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தல், ஊட்டமாக அமையாத ஊசி மருந்துகள், ஒட்சிசன் வாயு, நெஞ்சு வலிக்கு நாவின் கீழ் வைக்கும் மாத்திரை (கரைந்து தொண்டைக்குள் செல்வதை விழுங்காதிருக்கும் வரை) ஆகியவை நோன்பை முறிக்க மாட்டா என்று அது தீர்மானித்தது. நாளத்தினூடாக ஏற்றப்படும் குளுக்கோஸ் ஊட்டமாக இருப்பதனால் நோன்பை முறிக்கும். முறியட்டுமே! நோயாளிக்குச் சலுகையளித்தவன் அல்லாஹ். பின்னர் களாச் செய்யலாம். நிரந்தர நோயாளியாயின் பித்யாக் கொடுக்கலாம். நீரிழிவு வைத்திய நிபுணர்களின் சர்வதேச வழிகாட்டலும், இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அக்கணமே நோன்பை விட்டுவிடுமாறு கூறுகிறது. எனவே ரமழானுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னரே, "இம்முறை நோன்பு நோற்க நினைத்திருக்கிறீர்களா?" என்று கிளினிக் தாதி கேட்க வேண்டும். கேட்கவில்லையாயின் நாம் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை வைத்தியரே மாற்றித்தர வேண்டும். யாருக்கு நோன்பு அறவே ஆகாது என்று சொல்லவும் அவரே தகுதியானவர். ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். 1990ஐ அழையுங்கள்.

1990 சுவசெரிய சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பமாகிப் பின்னர் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. வண்டியில் வருபவர்கள் நம் வீட்டுக்குள் சப்பாத்துடன் நுழைவார்கள். தடுக்க வேண்டாம், தரையைப் பிறகு கழுவிக்கொள்ளலாம். அதனினும் பாரதூரமான ஒன்றுண்டு. வீட்டில் ஒரு பெண் மூச்சற்று விழுந்திருக்கையில், வந்திருப்போர் ஆண்கள் எனக் கண்டு வாசலில் தயங்கி நிற்கின்றனர் சிலர். பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சையளிப்பது ஏற்றம் என்பதும், முஸ்லிம் பெண், பிற மதப் பெண், முஸ்லிம் ஆண், பிற மத ஆண் என்ற வரிசை பேணப்பட வேண்டும் என்பதும் 1993ஆம் ஆண்டில் புரூணையில் கூடிய அதே பிக்ஹ் அகடமியின் தீர்மானம். அவகாசம் உள்ளபோதுதான் இந்த வரிசை. இதயம் நின்றுவிட்டால் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அங்கே வரிசையுமில்லை, தெரிவுமில்லை. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற சட்டவிதியைப் பள்ளிப் பிள்ளையும் அறியும்.

எனினும் உத்தியோகத்தருக்கும் ஒரு கடமையுண்டு. இதயத் துடிப்பைப் பதியும் கருவியை நெஞ்சில் பொருத்த ஆடை விலக்கப்பட வேண்டியதே. பொருத்திய மறுகணம் ஒரு துணியால் மூட முடியும். தெருவில் கூடியிருப்போரைச் சற்று விலகச் சொல்லலாம். செய்யப்போவதை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லலாம். இதற்கு அரை நிமிடம் செல்லாது. ஆனால் உயிர் பிழைத்து எழுந்த பெண் தன் ஆயுள் முழுவதும் நினைப்பது அந்தத் துணியைத்தான்.

இதுவரை நம் உரிமைகளைப் பேசினேன். நம் சமூகத்தைச் சேர்ந்த தாதியரும் உத்தியோகத்தரும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். சகோதரிகளே, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் செல்லுமுன் உலோக ஆபரணங்களைக் கழற்ற வேண்டும் என்பது விதி. ஓர் இந்துப் பெண்ணுக்குத் தாலி என்பது வெறும் ஆபரணமன்று. ஏன் கழற்ற வேண்டும் என விளக்கி, அவரது கையாலேயோ கணவர் கையாலேயோ கழற்றச் செய்து, அவர்களிடமே ஒப்படையுங்கள். ஒரு தட்டில் கத்தரிக்கோலுடன் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். பௌத்த நோயாளியின் மணிக்கட்டிலுள்ள பிரித் நூலை வெட்டுமுன், மூடி ஒட்டிவிட்டால் போதுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கத்தோலிக்கர் ஒருவர் இறுதித் தறுவாயில் இருந்தால் பங்குத் தந்தையை அழைக்க விரும்புகிறார்களா என வினவுங்கள். நாம் அவற்றை நம்புகிறோமா என்பது இங்கே எழும் வினாவன்று. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபியவர்கள் அவனது இல்லம் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

மரணத் தறுவாயையும் அதன் பின்னரான பராமரிப்பையும் பற்றி நீட்டிப் பேச மனம் வரவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலில் அடக்கம் அனுமதிக்கப்பட்டிருந்தும், கொவிட் தொற்றினால் மரணித்தோரை எரிப்பது 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டதையும், 2021 பெப்ரவரி இறுதியில் அது மாற்றப்படும் வரை நம் குடும்பங்கள் பட்டதையும் யாரும் மறக்கவில்லை. 2024 ஜூலையில் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது. அக்காலத்தில் கட்டளையை மாற்றும் அதிகாரம் விடுதித் தாதி எவருக்கும் இருக்கவில்லை. ஆயினும் சக்கராத் நிலையில் இருந்தவரின் காதருகே தொலைபேசியைப் பிடித்து, பிள்ளைகள் ஓதிய கலிமாவைக் கேட்கச் செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது.

இறுதியாக, பெண் தாதி வேண்டும், நம் மொழி தெரிந்த தாதி வேண்டும், நம் வழக்கம் அறிந்தவர் வேண்டும் எனக் கோருகிறோம். நியாயமான கோரிக்கைதான். எனினும் நம் பெண் பிள்ளை உயர்தரத்தில் சித்தியடைந்து, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றால் எத்தனை தந்தையர் சம்மதிக்கின்றனர்? இரவுக் கடமை, சீருடை, அந்நிய ஆண்களைத் தொட நேருமே என்று நூறு காரணங்கள்! மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்து, அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பராமரித்த ருபைதா (ரழி) அவர்களின் பெயரை மீலாத் மேடைகளில் மட்டும் உச்சரித்துப் பயனில்லை. இரவுக் கடமைக்குப் பாதுகாப்பான போக்குவரத்து, விடுதி வசதி ஆகியவற்றை ஊர் ஜமாஅத்துகள் முன்னின்று ஏற்பாடு செய்தால் இக்காரணங்களில் பாதி கரைந்துவிடும். விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தலை ஜும்ஆவுக்குப் பின் வாசித்துக் காட்டுவது அதற்கு முதல் வேலையாகட்டும். பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் அதற்கு இடம் இருக்கிறது.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.