கமராவின் சாட்சியம் யாருக்கு உரியது?

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குற்றம் நடந்த இடத்தில் கண்காணிப்புக் கமரா ஒன்று இருந்தால் போதும், குற்றவாளி தப்பமாட்டான் என்ற நம்பிக்கை நம்மவரிடையே பரவியிருக்கிறது. அது பாதி உண்மை. மற்றப் பாதியை, லண்டன் மாநகரில் 2005 ஆம் ஆண்டு யூலை மாதம் நடந்தவற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அம்மாதம் 7 ஆம் திகதி, நால்வர் முதுகுப் பைகளில் வெடிகுண்டு சுமந்து வந்து 52 பேரின் உயிரைக் குடித்தனர். அன்று காலை லூட்டன் புகையிரத நிலையத்தில் அந்நால்வரும் ஒன்றாக நுழைந்ததைக் கமரா கண்டது. கண்டதேயன்றித் தடுக்கவில்லை, தடுக்க அதற்குக் கையா இருக்கிறது? ஆயினும் வந்தவர் யார், எவ்வழியாக வந்தனர் என்று துலக்க அப்படங்கள் பெரிதும் உதவின. 21 ஆம் திகதி வேறு நால்வர் அவ்வாறே முயன்றனர். குண்டுகள் முறையாக வெடிக்கவில்லை. ஓடி ஒளிந்தனர். மறுநாளே கமரா பிடித்த அவர்களின் படங்களைப் பொலிசார் வெளியிட்டனர். 29 ஆம் திகதிக்குள் நால்வரும் அகப்பட்டனர். அவர்களில் ஒருவர் அகப்பட்டது ரோமாபுரியில்! 2007 இல் நால்வருக்கும் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

புலன்விசாரணைக்கு இதனினும் சிறந்த துணை உண்டோ என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

படங்கள் வெளியான அதே 22 ஆம் திகதி காலை, ஸ்டொக்வெல் சுரங்கப் புகையிரத நிலையத்தில் பொலிசார் ஒருவரைத் தலையிற் சுட்டுக் கொன்றனர். இறந்தவர் பிரேசில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த 27 வயது மின்தொழிலாளி. அவருக்கும் குண்டுகளுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. கோடையில் தடித்த மேலங்கி அணிந்திருந்தார், வாயிற் தடுப்பைத் தாண்டிக் குதித்தார் என்றெல்லாம் அன்று செய்தி பரவியது. நிலையத்துக் கமரா சொன்னது வேறு. மெல்லிய டெனிம் சட்டையுடன் அமைதியாக நடந்து வந்தார். இலவசப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். பயண அட்டையைக் காட்டி வாயிலைக் கடந்தார். செத்தவருக்காகப் பேச வேறு யார் இருந்தார்கள்? ஆனால் அவர் சுடப்பட்ட பெட்டிக்குள் நடந்ததைக் காட்டும் படம் மட்டும் கிடைக்கவேயில்லை!

பொதுமக்களின் பாதுகாப்பைப் பேணத் தவறிய குற்றத்துக்காக லண்டன் பொலிஸ் இலாகாவுக்கு 2007 இல் 175,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. சுட்டவர் எவர்மீதும் வழக்கு வைக்கப்படவில்லை.

ஆகவே, படச்சாட்சியம் பொலிசாரின் தனிச்சொத்தன்று என்கிறேன். பிடிபட்டவனுக்கும் அதில் உரிமையுண்டு. நம் நாட்டிலும் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்கிறது. அவற்றைச் சமர்ப்பிக்க எண்ணும் தரப்பு, விசாரணை நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே அறிவித்தல் கொடுத்து, எதிர்த்தரப்பு பார்வையிட இடமளிக்கவேண்டும்.

தோட்டத்து நீரிறைக்கும் யந்திரம் களவுபோனால் களவு கொடுத்தவரும், அக்களவுக்கெனப் பிடிக்கப்பட்ட பையனின் தாயாரும் நாடவேண்டியது ஒரே சந்திக் கடைக் கமராவையே. அந்தப் பெட்டியோ பழைய பதிவை அழித்து அதன்மேற் புதியதை எழுதும். பல கடைகளில் சில வாரங்களுக்குமேல் ஒன்றும் மிஞ்சாது. அதன் கடிகாரமும் பிழையாக ஓடலாம். எனவே அன்றைக்கே கடைக்காரரிடம் எழுத்திற் கேளுங்கள். பிரதி எடுக்கும்போது பெட்டி காட்டும் நேரத்தையும் உங்கள் கைக்கடிகார நேரத்தையும் ஒரே தாளிற் குறித்து, அவருடைய கையொப்பத்தையும் வாங்கி, அந்தத் தாளையும் சேர்த்தே சட்டத்தரணியிடம் கொடுங்கள்.