200 கிலோமீட்டர், 14 மணி 4 நிமிஷம்

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

போன வருஷம் ஒரு எபிசோட்ல, "200 கிலோமீட்டரை 11 மணி நேரத்துல முடிச்சேன்"னு கொஞ்சம் கெத்தாவே சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். ஒரே வரி. "அண்ணா, அது மூவிங் டைமா, எலாப்ஸ்டு டைமா?" ரெண்டு வாரம் அந்த மெயிலுக்குப் பதில் போடல. ஏன்னா அது மூவிங் டைம். டீக்கடையில நின்னது, நிழல்ல படுத்தது, போட்டோ எடுத்தது எல்லாத்தையும் ஆப் கழிச்சிட்டு மிச்சத்தைக் காட்டும். நான் அந்த மிச்சத்தைத்தான் உங்ககிட்ட சொன்னேன்.

இது ஏன் பெரிய விஷயம்னா, நான் பேசிக்கிட்டு இருந்தது பிரெவே பத்தி. பிரான்ஸ்ல இருந்து வந்த வழக்கம் இது. பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பி வர்ற பந்தயம் 1891-ல ஆரம்பிச்சது. இப்ப அது பந்தயம் இல்ல, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற 1200 கிலோமீட்டர் சவாரி. அதிகபட்சம் 90 மணி நேரம். அதுக்குப் போகணும்னா முதல்ல 200, 300, 400, 600 நாலையும் ஒரே சீசன்ல முடிக்கணும். 200-க்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முதல் இடம், ரெண்டாவது இடம்னு எதுவும் கிடையாது. நேரத்துக்குள்ள வந்தா வந்தீங்க, அவ்வளவுதான். ஆனா கடிகாரம் எதுக்காகவும் நிக்காது. பஞ்சர், சாப்பாடு, தூக்கம், மழை எல்லாம் உங்க கணக்குலதான் சேரும். ரூட்ல மலை இருக்குன்னு எக்ஸ்ட்ரா டைமும் தர மாட்டாங்க. தஞ்சாவூர் சமவெளிக்கும் பதிமூன்றரை, மலைக்கும் பதிமூன்றரை.

சரி, பொங்கலுக்கு அரியலூர் போயிருந்தப்ப, அதே விதிகளை வச்சு நானே ஒரு 200 போட்டுப் பாக்கலாம்னு முடிவு பண்ணேன். ஆளில்லை, கார்டு இல்லை, மெடல் இல்லை. அரியலூர்ல இருந்து பெரம்பலூர், துறையூர், அங்கிருந்து சோபனபுரம், பச்சமலை ஏறி, மீட்டர்ல 100 காட்டுற இடத்துல திரும்பி வரணும். காலைல 4:30-க்குக் கிளம்பினா சாயங்காலம் 6 மணிக்குள்ள வீட்டு வாசல்ல இருக்கணும்.

அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. "பஸ்ஸு போகுதுல்ல?"ன்னாங்க.

பெரம்பலூர் வரைக்கும் இருட்டு, பனி, பின்னாடி லேசான காத்து. 30 கிலோமீட்டர், ஆறு மணி அஞ்சுக்கெல்லாம் புது பஸ் ஸ்டாண்டுகிட்ட டீ. துறையூர் ரோட்டுல பாதி ரோடு மக்காச்சோளம். அறுவடை முடிஞ்சு தார்ச் சாலையில காயப்போட்டிருந்தாங்க. ஒரு பாட்டி சைக்கிளைப் பாத்ததும் துடைப்பத்தால வழி ஒதுக்கிவிட்டாங்க. சோளத்து மேல ஏறாம போகத் தனித் திறமை வேணும்.

துறையூர்ல இட்லி சாப்பிட்டு ஒக்காந்த இடத்துல அரை மணி நேரம் போச்சு. அப்ப அது எனக்குத் தப்பாவே தெரியல. சராசரி நல்லாதான் இருந்துச்சு.

அப்புறம் மலை. சோபனபுரம் செக்போஸ்ட் தாண்டி ஏத்தம் ஆரம்பிக்குது. என்னோடது 12 கிலோ ஹைப்ரிட் சைக்கிள், நான் 74. இந்த 86 கிலோவை மேல தூக்குறதுக்குத்தான் கிட்டத்தட்ட மொத்த பலமும் போகுது. காத்து எதிர்ப்பெல்லாம் அந்த வேகத்துல கணக்குலயே வராது. 15 கிலோமீட்டர் ஏற 130 நிமிஷம். ஒரு வளைவுல எறங்கித் தள்ளினேன். அதையும் சொல்லிடறேன்.

ஏறும்போது மனசுல ஒரு சமாதானம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. "இப்ப 7-ல போறோம், எறங்கும்போது 32-ல போவோம், சராசரி 19 வந்துடும்." பகல்ல கோட் எழுதுற ஆளு நான், இந்தக் கணக்குல ஏமாந்தேன். ஏற 130 நிமிஷம், எறங்க 28 நிமிஷம். மொத்தம் 30 கிலோமீட்டருக்கு 158 நிமிஷம். சராசரி 11-ஐச் சொச்சம். மெதுவா போற தூரத்துலதான் அதிக நேரம் இருக்கோம், அதனால வேகத்தைக் கூட்டி ரெண்டால வகுக்கக் கூடாது. பிரெவேக்கு ஏறக்குறைய 15 வேணும். மலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கடன் குடுத்துக்கிட்டே இருக்கு, எறக்கம் அதுல வட்டியைக்கூட அடைக்காது. 2019-ல பாரிஸ் போன நம்ம ஊர்க்காரங்கள்ல பெரும்பாலானவங்க 90 மணி நேரத்துக்குள்ள முடிக்கல. அந்த ரூட்ல பெரிய மலையே கிடையாது. சின்னச் சின்ன ஏத்தங்களா சேந்து பத்தாயிரம் மீட்டருக்கு மேல வருது. எனக்கு அது இப்பதான் கால்ல புரிஞ்சது.

மேல டாப் செங்காட்டுப்பட்டி தாண்டி, செம்மண்ணு, மரவள்ளிக் காடு, குளிர்ந்த காத்து. ரொம்ப அழகு. 100 காட்டினப்ப மணி 12:15. மிச்சம் 100-க்கு 5 மணி 45 நிமிஷம். அங்கயும் பத்து நிமிஷம் போட்டோ எடுத்தேன், மக்களே. என்னைத் திட்டாதீங்க.

துறையூர்ல சாப்பாடு அரை மணி. கிளம்பினா எதிர்காத்து. தை மாசம் வடகிழக்குக் காத்து, நான் கிழக்க போறேன். காலைல அதுதான் என்னைத் தள்ளிவிட்டிருக்கு, நான் என் கால் பலம்னு நெனச்சுக்கிட்டேன். குரும்பலூர்கிட்ட பின் சக்கரம் பஞ்சர், 20 நிமிஷம். பெரம்பலூர் வந்தப்ப 4:45. ஒரு மணி கால் நேரத்துல 30 கிலோமீட்டர் போகணும். அதாவது 24-ல.

ஒரு பத்து நிமிஷம் வெறித்தனமா மிதிச்சேன். ஆனா அது அரியலூர் ரோடு. இந்த மண்ணு ஒரு காலத்துல கடலடி. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகுது, அதை ஏத்திக்கிட்டு டிப்பர் லாரிங்க வரிசையா வரும். ஒரு லாரி ஓவர்டேக் பண்ணி என் பக்கமே வந்துச்சு. நான் தலையைக் குனிஞ்சு மீட்டரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்தப்ப லைட்டு முகத்துல அடிக்குது. மண்ணுக்கு எறக்கிட்டேன், விழல. புழுதி அடங்குற வரைக்கும் அங்கயே நின்னேன். கை நடுங்குச்சு.

அதுக்கப்புறம் மீட்டரைப் பாக்கல. வெள்ளைக் கோட்டுக்கு உள்ள தள்ளி, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் போட்டு, பின் லைட்டை எரியவிட்டு, மெதுவாத்தான் வந்தேன். வீட்டு வாசல்ல 6:34.

அப்பா கேட்டார், "முடிச்சிட்டியாப்பா?" "34 நிமிஷம் லேட்டுப்பா"ன்னேன். "யாருக்கு லேட்டு?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டார். அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல.

ஆப்பைத் திறந்தா பெரிய எழுத்துல 11 மணி 28 நிமிஷம். மலையோட சேத்து! ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தா நீங்க எல்லாம் கைதட்டியிருப்பீங்க. நின்ன நேரம் மட்டும் 2 மணி 36 நிமிஷம். அதுல பஞ்சர் வெறும் 20. மிச்சம் இட்லி, சாப்பாடு, டீ, போட்டோ, மலையில மூச்சு வாங்கினது, அந்தப் புழுதி.

தம்பிக்கு அன்னைக்கு ராத்திரியே பதில் போட்டேன்: "மூவிங் டைம்தான். மன்னிச்சிரு. போன வருஷ 200-க்கு எலாப்ஸ்டு 13 மணி 52." அதாவது அதுவும் லேட்டுதான்.

பின்னாடி 34 பல் கேசட் மாத்தக் குடுத்திருக்கேன். மாசி மாசம் அதே ரூட்டு, அதே 4:30. வழியில சாப்பிட, புளிசாதம் கட்டி சட்டைப் பையில வச்சுக்கப் போறேன். அம்மாவுக்கு அதுல மட்டும் சந்தோஷம்.