பேர்ஸ்டன்: 25 வருசம் நடந்த வேலைநிறுத்தம்



வேலைநிறுத்தம் எண்டால் எங்களுக்கு முதலில் ஊர்வலமும் பதாகையும்தான் ஞாபகம் வரும். இண்டைக்கு நான் கதைக்கப்போறது ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் உள்ள பேர்ஸ்டன் என்ற சின்னக் கிராமத்தின் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

1911இல் கிற்றி ஹிக்டன் அங்கே தலைமை ஆசிரியையாக வந்தார். கணவர் டொம் உதவி ஆசிரியர். கட்டடத்தில் ஒரே ஈரம், குளிர். வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் பண்ணைக்காரர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து மறித்து வயலுக்கு அனுப்பினார்கள். இரண்டையும் இவர்கள் எதிர்த்தார்கள். டொம் விவசாயத் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்த்தார். 1913 ஊர்ச்சபைத் தேர்தலில் அவர் முதலாவதாக வந்தார். ஊர்ப் பாதிரியார் தோற்றார். அந்தப் பாதிரியார்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர்.

மிச்சம் உங்களுக்கு விளங்கும். மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் உடுப்பைக் காயவைக்க அனுமதி கேளாமல் நெருப்பு மூட்டினார் எண்டு ஒரு குற்றச்சாட்டு. பிள்ளைகளை அடித்தார் எண்டு இன்னொன்று. கிற்றி அதை மறுத்தார். இருவரையும் வேலையால் நிப்பாட்டினார்கள். 1914 ஏப்ரல் 1ஆம் திகதி, 72 பிள்ளைகளில் 66 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். முன்னுக்கு நின்றவர் வயலற் பொட்டர். வயது 13.

ஊர்வலம் போனார்கள், பாட்டுப் பாடினார்கள். பிறகு? அடுத்த நாளும் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேண்டுமே. முதலில் ஊர்ப் புல்வெளியில் வகுப்பு, பிறகு ஒரு தச்சுப் பட்டறையில். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. ஆதரவாளர்கள் காசு சேர்த்துக் கட்டினார்கள். தேவாலயக் காணியைக் குத்தகைக்குச் செய்தவர்களைப் பாதிரியார் வெளியேற்றினார். அப்படியும் பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை.

சுரங்கத் தொழிலாளர், ரயில் தொழிலாளர் சங்கங்கள் காசு அனுப்பின. 1917 மே மாதம் சொந்தக் கட்டடம் எழும்பியது. அதைத் திறந்து வைத்தவரும் வயலற்தான். காசு தந்த சங்கங்களின் பெயர்கள் முன்சுவர்க் கற்களில் இண்டைக்கும் இருக்கின்றன. 1939இல் டொம் இறந்த பிறகுதான் பள்ளி மூடப்பட்டது.

மலையகத் தோட்டப் பள்ளிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதுசில்லை. அங்கேயும் லயம், வேலை, பள்ளிக்கூடம் மூன்றும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. கூலி தருகிறவனே பள்ளிக்கூடத்தையும் வைத்திருந்தால், பிள்ளை எவ்வளவு படிக்கலாம் எண்டதையும் அவன்தான் முடிவு செய்வான். பேர்ஸ்டன் மக்கள் அந்த முடிவைத் தங்கட கைக்கு எடுத்தார்கள்.

நான் சொல்ல வாறது இதுதான். அந்த ஊர்வலத்துக்குத் துணிச்சல் போதும். 25 வருசத்துக்கு விறகு வேணும், கூரை வேணும், மாதாமாதம் காசு வேணும், தினமும் காலையில் கதவு திறக்க ஓராள் வேணும். எங்கட கூட்டங்களில் இந்த வேலைகளை ஆரும் பெரிசாகக் கதைப்பதில்லை. போராட்டம் தங்கி நிக்கிறது இவற்றில்தான்.

அந்தக் கட்டடம் இப்ப அருங்காட்சியகம். செப்டம்பர் மாத முதல் ஞாயிறு அங்கே தொழிற்சங்கப் பேரணி நடக்கும். பிரித்தானியாவில் இருக்கிற தோழர்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. திரும்பி வந்து, எங்கட அமைப்பில் மண்டப வாடகையை ஆர் கட்டுறது, திறப்பை ஆர் வைச்சிருக்கிறது எண்டு அடுத்த கூட்டத்தில் முதல் விசயமாகக் கதைப்பம்.